கழிவில் இருந்து சர்க்கரை: மிஞ்சுவது எங்கே போகிறது?

காங்கேயத்தில் இருந்து எந்தச் சாலையில் வெளியே போனாலும் ஏதாவது ஒரு விளைபொருளின் மிச்சம் கண்ணில் படும். உலர்களங்களின் ஓரத்தில் குவிந்து கிடக்கும் தேங்காய்த் தொட்டி. அரிசி ஆலைகளின் பின்புறம் உமி. நார் மில்களுக்கு வெளியே மழையில் நனைந்து கறுத்துப்போன தென்னை நார்க் கழிவு. தாராபுரம் பக்கம் போனால் முத்து உதிர்த்த மக்காச்சோளக் கதிர்ச் சக்கை. திருப்பூர் பக்கம் திரும்பினால் மூட்டை மூட்டையாகப் பனியன் கட்டிங் வேஸ்ட்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை. அதை வெளியே எடுக்க முடியும் என்பதை 200 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள். இன்று நம் நாட்டிலேயே அதற்குப் பெரிய ஆலை இருக்கிறது. விவசாயக் கழிவில் இருந்து எரிபொருள், கழிவில் இருந்து பிளாஸ்டிக், கழிவில் இருந்து இனிப்பு என்று அடிக்கடி செய்திகள் வருகின்றன. "பசுமைத் தொழில்நுட்பம்" என்ற சொல்லும் கூடவே வருகிறது.

நொய்யல் ஓடும் மண்ணில் வாழும் நமக்கு இந்தச் சொல்லை அப்படியே விழுங்கப் பழக்கமில்லை. பின்னலாடைத் தொழில் நமக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் சாயத் தண்ணீர் கிணறுகளையும் கெடுத்தது. ஆகவே சர்க்கரை எப்படி வருகிறது என்று பார்ப்பதோடு, அதை எடுத்த பிறகு என்ன மிஞ்சுகிறது, அது எங்கே போகிறது என்றும் சேர்த்தே பார்ப்போம்.

இது நாம் டீயில் போடும் சீனி அல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் சீனி என்கிறோம். கொங்குப் பகுதியில் பலர் அஸ்கா என்பார்கள். அதன் வேதிப்பெயர் சுக்ரோஸ். கரும்பிலும் பீட்ரூட் வகைக் கிழங்கிலும் அது கரைந்த நிலையிலேயே இருக்கிறது. பிழிந்து, காய்ச்சி, படிய வைத்தால் போதும்.

வைக்கோலிலும் சக்கையிலும் இருப்பது வேறு. செடியின் உடம்பே சர்க்கரை மூலக்கூறுகளால் கட்டப்பட்டது. நம் இரத்தத்தில் ஓடும் அதே குளுக்கோஸ் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாக நின்றால் அது செல்லுலோஸ். பஞ்சில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். அதாவது நாம் போட்டிருக்கும் பருத்திப் பனியன், இனிக்காத குளுக்கோஸ். சங்கிலி அறுந்தால்தான் அது இனிக்கும்.

செடியின் சுவரைக் கான்கிரீட் தூணாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கம்பி போல நிற்பது செல்லுலோஸ். அதைச் சுற்றிக் கட்டுக்கம்பி போல இருப்பது ஹெமிசெல்லுலோஸ். இதுவும் சர்க்கரைச் சங்கிலிதான், ஆனால் இதில் சைலோஸ் என்ற வேறு சர்க்கரை அதிகம். இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கும் சிமெண்ட், லிக்னின். இதில் சர்க்கரை இல்லை. மரத்துக்கு உறுதி தருவது இதுதான், உள்ளே இருக்கும் சர்க்கரையை எடுக்க விடாமல் தடுப்பதும் இதுதான்.

விவசாயக் கழிவுகளில் பொதுவாக 35 முதல் 50 சதவீதம் செல்லுலோஸும், 20 முதல் 35 சதவீதம் ஹெமிசெல்லுலோஸும் இருக்கும். மீதி லிக்னினும் சாம்பல் சத்தும். எல்லாக் கழிவும் ஒன்றல்ல. மக்காச்சோளக் கதிர்ச் சக்கையில் லிக்னின் குறைவு, சைலோஸ் தரும் பகுதி அதிகம். அதனால் சர்க்கரை எடுப்பவர்களுக்கு அது மிகவும் பிடித்த சரக்கு. தேங்காய்த் தொட்டியும் தென்னை நாரும் நேர்மாறு. அவற்றில் லிக்னின் மிக அதிகம். தொட்டி நல்ல கரியாவதற்கும், நார் தண்ணீரில் கிடந்தும் சீக்கிரம் மக்காததற்கும் காரணம் அதுவே. ஆகவே காங்கேயத்தில் அதிகம் குவிந்து கிடக்கும் கழிவு சர்க்கரைக்கு ஏற்ற கழிவு அல்ல. "உங்கள் ஊர்த் தொட்டியில் சர்க்கரை எடுக்கிறோம்" என்று யாராவது முதலீடு கேட்டு வந்தால் கொஞ்சம் யோசிக்கவும்.

மாடு செய்வதும் இதைத்தான்

மனிதன் வைக்கோலைத் தின்றால் செரிக்காது. காங்கேயம் மாடு தின்றால் செரிக்கும். மாட்டுக்குச் சொந்தமாக ஒரு வித்தையும் தெரியாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கின்றன. அவற்றிடம் உள்ள கத்தரிக்கோலின் பெயர் செல்லுலேஸ் என்ற என்சைம், தமிழில் நொதி. கரையான் மரத்தைத் தின்று வாழ்வதும் இப்படித்தான். அசை போட்டு அரைப்பது, வெதுவெதுப்பாக வைத்திருப்பது, நாள் முழுக்கப் பொறுமையாக ஊற விடுவது என்று மாட்டின் வயிற்றில் நடக்கும் அதே வேலைகளைத்தான் கோடிக்கணக்கில் செலவிட்டு ஆலைகளில் செய்கிறார்கள்.

கந்தல் துணியில் பிறந்த சர்க்கரை

இந்தக் கதை துணியில் தொடங்கியது என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1819-ல் பிரான்சின் நான்சி நகரில் ஹென்றி பிராக்கோனோ என்ற வேதியியலாளர், கிழிந்த லினன் துணியைக் கந்தக அமிலத்தில் ஊற வைத்தார். துணி கரைந்து பசையானது. அதைத் தண்ணீர் சேர்த்துக் கொதிக்க வைத்து, அமிலத்தைச் சுண்ணாம்பால் முறித்தபோது கிடைத்தது சர்க்கரை. போட்ட துணியின் எடையைவிடக் கிடைத்த சர்க்கரையின் எடை அதிகமாக இருந்ததுதான் வியப்பு.

அதில் மாயம் இல்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு அதில் சேர்ந்துகொள்கிறது. கணக்குப்படி 100 கிலோ செல்லுலோஸ் முழுவதும் உடைந்தால் 111 கிலோ குளுக்கோஸ் வரும். நடைமுறையில் அவ்வளவு கிடைப்பதில்லை.

அதன் பிறகு 100 ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அமிலத்தையே நம்பியது. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் மரத்தூளில் இருந்து இந்த முறையில் சர்க்கரை எடுத்து எரிசாராயம் ஆக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மரச் சர்க்கரையில் ஈஸ்ட் வளர்த்துத் தீவனமாக்கியது. சோவியத் நாட்டில் இத்தகைய ஆலைகள் பல ஆண்டுகள் ஓடின. போர் முடிந்து பெட்ரோல் மலிவானதும் மற்ற நாடுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

அமில முறையின் கெடுதலை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். 98 கிலோ கந்தக அமிலத்தைச் சுண்ணாம்பால் முறித்தால் 172 கிலோ ஜிப்சம் படிகிறது. கட்டடத்துக்குப் பயன்படும் சுத்தமான ஜிப்சம் அல்ல இது. செடியின் அழுக்கும் கரிப்பொருளும் கலந்த சேறு. சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் சோடாவால் முறித்தால் சேறு வராது, உப்பு தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். அது இன்னும் மோசம்.

தண்ணீரில் கரைந்த உப்பு என்றதும் இங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. துணியில் சாயம் ஏறுவதற்காகப் போடப்பட்ட உப்புதான் நொய்யலைக் கெடுத்ததில் பெரும் பங்கு வகித்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. கீழே உள்ள விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்த மாதங்களில் வேலையின்றி வீட்டில் இருந்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. சாயப்பட்டறைத் தொழிலாளியும் நொய்யல் கரை விவசாயியும் ஒரே தவறுக்காகக் கஷ்டப்பட்டார்கள். கழிவுநீரை என்ன செய்வது என்று முதலிலேயே முடிவு செய்யாததே அந்தத் தவறு.

சர்க்கரைத் தொழிலிலும் அமிலத்தை மட்டும் நம்பினால் அதே பாதைதான்.

பயோ வாஷ் தொட்டியில் இருக்கும் பதில்

அமிலத்துக்கு மாற்று எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு துணிக் கதை. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலில் சாலமன் தீவுகள் பகுதியில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் சீருடைகளும் நைந்து போயின. காரணம் ஒரு பூஞ்சை. எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானி படையின் ஆய்வகத்தில் அதை ஆராய்ந்தார். பூஞ்சையை ஒழிப்பதற்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, அது சுரக்கும் செல்லுலேஸ் எவ்வளவு வலிமையானது என்று கண்டுகொண்டதும் திசை திரும்பியது. மேரி மேண்டல்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, அந்தப் பூஞ்சையை அதிக நொதி சுரக்க வைக்கும் ஆராய்ச்சியில் பல ஆண்டுகள் உழைத்தார். அந்தப் பூஞ்சைக்குப் பின்னர் டிரைக்கோடெர்மா ரீசி என்று ரீஸின் பெயரையே வைத்தார்கள். இன்று உலகில் விற்கப்படும் செல்லுலேஸில் பெரும் பங்கு அதன் வழித்தோன்றல்களில் இருந்து வருகிறது.

திருப்பூரில் "பயோ வாஷ்" டீ-சர்ட் என்று சொல்லி விற்கிறார்களே, அதில் பயன்படுவது இந்த என்சைம்தான். பின்னிய துணியின் மேல் எழுந்து நிற்கும் மெல்லிய இழைகளை அது கத்தரித்துவிடுவதால் துணி வழவழப்பாகிறது, சீக்கிரம் உருண்டை கட்டாது. தண்ணீர் 50 டிகிரி சூட்டில், லேசான புளிப்பில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். பிறகு சூட்டைக் கூட்டி என்சைமைச் செயலிழக்க வைப்பார்கள். நேரம் அதிகமானால் துணி நைந்துவிடும் என்பது அங்கு வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். துணி இழக்கும் அந்தச் சில சதவீத எடையில் ஒரு பங்கு சர்க்கரையாகத் தண்ணீரில் கரைந்து போகிறது.

வைக்கோலில் இருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையிலும் இதே 50 டிகிரி, இதே புளிப்பு. நேரம் மட்டும் இரண்டு மூன்று நாள். துணிக்கு ஆகாது என்று நாம் நிறுத்தும் இடத்தில் அவர்கள் தொடர்கிறார்கள், அவ்வளவுதான். சாயத் தொழிலின் நுணுக்கம் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொழில் அந்நியமே அல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

கதவைத் திறக்கும் வழிகள்

பஞ்சில் லிக்னின் கிடையாது, என்சைம் நேரடியாக வேலை செய்யும். வைக்கோலிலும் சக்கையிலும் சிமெண்ட் பூச்சு இருக்கிறதே, முதலில் அதைத் தளர்த்த வேண்டும். தொழில்நுட்பப் போட்டி முழுவதும் இந்த ஒரு கட்டத்தில்தான்.

எளிய வழி நீராவி. சக்கையை மூடிய கலனில் போட்டு 160 முதல் 220 டிகிரி வரை அழுத்த நீராவியில் சில நிமிடம் வைத்து, சட்டென்று அழுத்தத்தைத் திறந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி இழைகளைப் பிளக்கிறது. பொரி பொரிவதும் ஏறக்குறைய இப்படித்தான். ரசாயனம் தேவையில்லை, அல்லது மிகக் குறைவு. ஆனால் சூடு கூடினால் ஹெமிசெல்லுலோஸில் இருந்து வந்த சைலோஸ் கருகி ஃபர்ஃபியூரால் என்ற பொருளாகிவிடும். பாகு கருகினால் கசந்து போகிறதே, அது போல. ஃபர்ஃபியூரால் கலந்த சர்க்கரையில் ஈஸ்ட் சரியாக வளராது. எனவே நீராவி முறையில் பக்குவம்தான் எல்லாம், அதுவும் ஒவ்வொரு லோடு சரக்குக்கும் கொஞ்சம் மாறும்.

அம்மோனியா முறை இன்னொன்று. அம்மோனியா எளிதில் ஆவியாவதால் வேலை முடிந்ததும் அதைப் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம். லிக்னினைக் கரைத்தெடுக்க எத்தனாலையே கரைப்பானாகப் பயன்படுத்தி, பிறகு காய்ச்சி மீட்கும் முறையும் உண்டு. 2014-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செடிக் கழிவில் இருந்தே தயாரிக்கக்கூடிய காமா வேலரோலாக்டோன் என்ற திரவத்தில் மரத்தையும் சக்கையையும் கரைத்து, என்சைமே இல்லாமல் சர்க்கரை எடுத்துக் காட்டினார்கள். மிக உயர்ந்த அழுத்தத்திலும் சூட்டிலும் வெறும் தண்ணீரையே கரைப்பானாக்கும் முறையும் இருக்கிறது. 374 டிகிரிக்கு மேல், சுமார் 220 மடங்கு காற்றழுத்தத்தில் தண்ணீரின் குணமே மாறிவிடுகிறது. சில நொடிகளில் செல்லுலோஸ் உடைந்துவிடும். கலன் செய்யும் செலவுதான் தலைசுற்ற வைக்கும்.

அயனித் திரவங்கள், கோலின் குளோரைடு கலவைகள் என்று ஆய்வகங்களில் இன்னும் பல உள்ளன. எல்லாவற்றையும் விவரித்தால் கட்டுரை நீளும். அவற்றை எடைபோட ஒரே அளவுகோல் போதும்: போட்ட ரசாயனத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது? 100 கிலோ போட்டு 99 கிலோ மீட்டால்கூட, தினமும் நூற்றுக்கணக்கான டன் சக்கை ஓடும் ஆலையில் அந்த 1 கிலோ பெரிய அளவாகச் சேரும். "பசுமைக் கரைப்பான்" என்ற பெயர் மட்டும் அதைப் பசுமையாக்காது.

லிக்னின் இதில் ஒரு நல்ல செய்தி. சர்க்கரையை எடுத்த பின் மிஞ்சும் லிக்னினைக் கொதிகலனில் எரித்தால் ஆலைக்கான நீராவியில் பெரும்பகுதி அதிலிருந்தே கிடைக்கும். உமியை எரித்து நெல் அவிக்கும் நம் அரிசி ஆலைகளின் கணக்குதான் இது.

பானிபட்டில் நடப்பது

நம் நாட்டில் இதற்கான பெரிய உதாரணம் ஹரியானாவின் பானிபட். அங்கே இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் டன் வைக்கோலில் இருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது இலக்கு. அதாவது ஒரு டன் வைக்கோலுக்கு 150 லிட்டர். பஞ்சாப், ஹரியானாவில் அறுவடைக்குப் பின் வைக்கோலை வயலிலேயே எரிப்பதும், அந்தப் புகை டெல்லி வரை மூச்சை அடைப்பதும் நமக்குத் தெரிந்ததே. எரியும் வைக்கோலை விலை கொடுத்து வாங்கும் ஆலை என்பதால் அங்கே அதற்குத் தெளிவான நியாயம் இருக்கிறது. கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத ஆலை, நம் மொழியில் "ஜீரோ டிஸ்சார்ஜ்", என்றும் அரசு அறிவித்தது.

திறந்த நாளில் இருந்தே முழுத் திறனில் ஓடிவிடவில்லை. உலகம் முழுவதும் இதே கதைதான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2014-ல் திறந்த அபெங்கோவா ஆலை அடுத்த ஆண்டு இறுதியிலேயே நின்றது. அயோவாவில் டூபாண்ட் நிறுவனம் 2015-ல் திறந்த ஆலையை 2017-ல் விற்க முடிவு செய்தது. ருமேனியாவில் கிளாரியன்ட் நிறுவனம் கட்டிய வைக்கோல் ஆலை 2023 டிசம்பரில் மூடும் முடிவுக்கு வந்தது. இவர்கள் யாரும் சிறிய நிறுவனங்கள் அல்ல.

ஏன் இப்படி? ஆய்வகத்தில் கழுவிய வைக்கோல். ஆலைக்கு வருவதோ மண்ணும் கல்லும் கலந்த கட்டு. நெல் வைக்கோலில் இயல்பாகவே சிலிக்கா அதிகம், அது இயந்திரங்களை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. அறுவடை ஒரு சில வாரம், ஆலை ஓட வேண்டியது ஆண்டு முழுவதும். இடையில் வைக்கோல் மலைகளை நனையாமல், தீப்பிடிக்காமல் காக்க வேண்டும். என்சைம் விலை ஒரு சுமை. இவை எல்லாம் வேதியியல் புத்தகத்தில் இல்லாத சிக்கல்கள். லாரி வாடகையும் குடோனும் தெரிந்த வியாபாரிகளுக்கு உடனே புரியும்.

நம் ஊரில் வைக்கோல் கழிவே அல்ல

பானிபட் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தவறாகிவிடும். கொங்குப் பகுதியில் வைக்கோலை எரிப்பவர் யார்? கோடையில் மேய்ச்சல் காய்ந்தால் காங்கேயம் மாடுகளுக்கு வைக்கோலும் சோளத்தட்டும்தான் உணவு. லாரியில் வைக்கோல் வந்து இறங்குவது நமக்குப் பழகிய காட்சி. ஓர் ஆலை வந்து அந்த வைக்கோலுக்கு விலை ஏற்றினால், இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பத்தின் அடுப்பில்தான் கை வைக்கும். கரும்புச் சக்கைக்கும் ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் உண்டு. சர்க்கரை ஆலைகள் அதை எரித்து மின்சாரம் எடுக்கின்றன. கரூர் மாவட்டம் புகளூர் அருகே உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அதில் காகிதம் செய்கிறது. ஒருவருக்குக் கழிவாகத் தெரிவது இன்னொருவருக்கு மூலப்பொருள்.

மறுபக்கமும் பேச வேண்டும். இன்று பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அது கரும்பு, அரிசி, மக்காச்சோளத்தில் இருந்து வருகிறது. மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போகத் தொடங்கியதும் தீவனத்துக்கு அதையே நம்பியிருக்கும் கோழிப் பண்ணைக்காரர்கள் விலையேற்றத்தால் தவித்தார்கள். பல்லடம் பக்கத்தில் பண்ணை வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். தானியத்தைத் தொடாமல் சக்கையில் இருந்து அதே பொருளை எடுக்க முடிந்தால், கோழிக்கும் மனிதனுக்கும் உணவு மிஞ்சும். இந்தத் தொழில்நுட்பத்தை நாம் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாததற்கு இதுதான் பெரிய காரணம்.

எத்தனால் என்றதும் நம் வாசகர்களுக்கு ஒரு தயக்கம் வரும். நியாயம்தான். அதன் மார்க்கச் சட்டம் என்ன என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும், நாம் இங்கே பேசுவது வேதியியலை மட்டும். ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: சர்க்கரை என்பது ஒரு நாற்சந்தி. அங்கிருந்து எத்தனாலுக்கும் போகலாம், வேறு பக்கமும் போகலாம். அதே குளுக்கோஸை வேறு நுண்ணுயிரிடம் கொடுத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். அதிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் செய்கிறார்கள். சிட்ரிக் அமிலம், தீவன ஈஸ்ட் என்று வழிகள் பல.

நம் வீடுகளுக்கு நேரடியாகத் தொடர்புடைய வழி சைலிட்டால். கதிர்ச் சக்கையில் இருந்து வரும் சைலோஸுடன் ஹைட்ரஜனைச் சேர்த்தால் அது சைலிட்டால் ஆகிறது. இனிப்பு சீனி அளவுக்கே இருக்கும், கலோரி ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. இரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றாது. பற்சொத்தையை உண்டாக்கும் கிருமி அதை உண்டு வளர முடியாது. 1970-களில் பின்லாந்தில் பிர்ச் மரத்தில் இருந்து எடுத்தார்கள். இன்று சீனா சோளச் சக்கையில் இருந்து பெருமளவில் எடுத்து உலகுக்கு விற்கிறது. "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய மிட்டாய், சூயிங்கம் அட்டைகளில் இந்தப் பெயரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகள் உள்ள வீட்டில் மருத்துவரைக் கேட்டு அளவாகப் பயன்படுத்தலாம். அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். நாய்க்கு அது விஷம், தவறியும் போடக்கூடாது.

தாராபுரம், உடுமலை வட்டாரத்தில் கதிரடித்த பின் மிஞ்சும் சக்கை பெரும்பாலும் அடுப்புக்கும் கொதிகலனுக்கும்தான் போகிறது. தீவனமாக அதற்கு மதிப்பு குறைவு, ஆக மாட்டின் வாயில் இருந்து பிடுங்குவதும் ஆகாது. நம் பகுதியில் சர்க்கரைக்கு ஏற்ற முதல் கழிவு இதுவே என்பது நம் கருத்து.

இரண்டாவது பனியன் கட்டிங் வேஸ்ட். நல்ல வெள்ளைத் துண்டுகளுக்கு ஏற்கெனவே நூலாகத் திரும்பும் வழி இருக்கிறது, அதைச் சர்க்கரையாக்குவது வீண். பாலியஸ்டர் கலந்த துண்டுகள்தான் யாருக்கும் வேண்டாமல் நிற்கின்றன. அவற்றில் உள்ள பருத்தியை மட்டும் குளுக்கோஸாகக் கரைத்தெடுத்தால் பாலியஸ்டர் தனியாக மிஞ்சும், அதையும் மறுபடி பயன்படுத்தலாம். ஹாங்காங்கில் இதை என்சைம் கொண்டு செய்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டு செய்து 2024-ல் வெளியிட்டார்கள். மறுபடியும் அமிலமா என்று கேட்பீர்கள். அதை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் அந்த முறையின் உயிரே இருக்கிறது. சாயம் ஏற்றிய துணியாக இருந்தால் அந்தச் சாயம் எங்கே போகிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

மத்திய அரசு இத்தகைய ஆலைகளுக்கு 2019-ல் தொடங்கிய பிரதமர் ஜீ-வன் திட்டத்தின் கீழ் நிதி உதவி தருகிறது. நாளை நம் பகுதிக்கும் ஒரு திட்டம் வரலாம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் நம்மவர்களும் போய் உட்கார வேண்டும். என்ன ரசாயனம், அதில் எவ்வளவு திரும்ப மீட்கப்படுகிறது, மீட்க முடியாத உப்பும் சேறும் எந்த இடத்தில் எத்தனை ஆண்டு வைக்கப்படும் என்று கேட்க வேண்டும். சாயப்பட்டறைகளில் ஜீரோ டிஸ்சார்ஜ் வந்த பின்னும் உப்புச் சேறு மூட்டைகளை எங்கே வைப்பது என்ற தலைவலி தீரவில்லை என்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதும் கேள்வி. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கும் பகுதி இது. வைக்கோலை வாங்குவீர்களா, சக்கையை மட்டும் வாங்குவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம், டெக்ஸ்டைல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு சோதனையைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சாயமேறாத பருத்தித் துண்டைப் பொடியாக வெட்டி ஒரு குடுவையில், அரைத்த சோளச் சக்கையை இன்னொன்றில், அரைத்த தேங்காய்த் தொட்டியை மூன்றாவதில் போடட்டும். பயோ வாஷுக்கு வாங்கும் அமிலத்தன்மை செல்லுலேஸைச் சேர்த்து, புளிப்பை 5 என்ற அளவில் நிறுத்தி, 50 டிகிரியில் இரண்டு நாள் வைக்கட்டும். நான்காவது குடுவையில் என்சைமும் தண்ணீரும் மட்டும் இருக்கட்டும், ஏனென்றால் சில என்சைம் சரக்கிலேயே சர்க்கரை கலந்திருக்கும். பிறகு வடிகட்டிய நீரில் பெனடிக்ட் கரைசல் விட்டுச் சூடாக்கினால், சர்க்கரை உள்ள குடுவை நீலத்தில் இருந்து பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று அளவுக்கேற்ப மாறும். எந்தக் குடுவை எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொண்டு, அதே சக்கையைக் குக்கரில் அரை மணி நேரம் அவித்த பின் இன்னொரு முறை செய்து ஒப்பிடட்டும். அந்தத் தண்ணீரை யாரும் சுவைத்துப் பார்க்கக்கூடாது.